ரிட்டர்ன் லோடு எங்கே?

நேயர்களுக்கு என் வணக்கம். குடும்பத் தொழிலில் கனரக லாரி விற்கக் கற்றுக்கொண்ட அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் நாமக்கல்லில் பிறந்தவள். என் தந்தையார் முதலில் ஓட்டுநராகவும், பிறகு ஒற்றை லாரியின் உரிமையாளராகவும், அதன்பின் பழைய லாரிகளை வாங்கி விற்பவராகவும் இருந்து, கடைசியில் புது லாரி விற்பனைக்கு வந்து சேர்ந்தவர். சித்தப்பா உதிரிபாகக் கடையைப் பார்த்துக்கொண்டார். அம்மா பேரேட்டைப் பார்த்துக்கொண்டார். 1994-ஆம் ஆண்டு பி.காம். முடித்த கையோடு நான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

லாரி வாங்க வருகிற எவரிடமும் என் தந்தையார் முதலில் விலையைச் சொன்னதில்லை. எந்த மாடல் வேண்டும் என்று கேட்டதும் இல்லை. வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "என்ன லோடு ஏத்தப் போறீங்க?" என்று கேட்பார். அதற்குப் பதில் வந்ததும், "சரிங்க, ரிட்டர்ன் லோடு எங்கே?" என்பார். போகும்போது எதை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது எதை ஏற்றிக்கொண்டு வருவீர்கள் என்பதுதான் பலருக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னவரை, தெரிந்துகொண்டு வரும்படி அனுப்பிவிடுவார். கையில் முன்பணத்தோடு வந்தவரை ஒருவர் திருப்பி அனுப்புவதைப் பார்த்து, முதல் மாதத்தில் எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. அந்தக் கேள்வியின் பொருள் விளங்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது அந்த நான்கு ஆண்டுகளைத்தான்.

முதல் ஆண்டு முழுவதும் என்னை விற்பனை மேசையின் அருகிலேயே விடவில்லை. சித்தப்பாவின் உதிரிபாகக் கவுண்டரில் நிற்கவைத்தார்கள். பட்டதாரிப் பெண்ணை எண்ணெய்க் கறையில் நிற்கவைத்துவிட்டார்களே என்று உறவினர்கள் கேட்டார்கள். சித்தப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு லாரி எங்கே ஓடுகிறது, எப்படி ஓடுகிறது என்பதை அதன் உரிமையாளர் சொல்வதைவிட, அவர் வாங்கிப் போகும் உதிரிபாகம் சரியாகச் சொல்லும் என்பது அவருடைய அனுபவம். ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பிரிங் பட்டை வாங்க வருகிறார் என்றால், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுகிறார் அல்லது குண்டும் குழியுமான பாதையில் ஓட்டுகிறார். கிளட்ச் பிளேட்டு அடிக்கடி வாங்குபவரின் வண்டி மேட்டில் நின்று நின்று புறப்படுகிறது. பிரேக் லைனிங் சீக்கிரம் தேய்ந்துபோகிறவரின் வண்டி மலைப்பாதையில் இறங்குகிறது, அல்லது அவருடைய ஓட்டுநர் கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குகிறார். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயைத் தாண்டியிருக்கும் நேயர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி கியரை நியூட்ரலில் போட்டு அந்த இறக்கத்தில் இறங்கினால், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடியை இழக்கிறது. அங்கே எத்தனை குடும்பங்கள் அழுதிருக்கின்றன என்பதை இந்தப் பகுதி மக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஓராண்டில் நான் எந்த லாரியையும் விற்கவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்து வண்டிகள் எந்தெந்தப் பாதையில் ஓடுகின்றன, எந்த உரிமையாளர் வண்டியைப் பேணுகிறார், யார் பேணுவதில்லை என்பதெல்லாம் என் மனத்தில் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் அவர்கள் புது வண்டி கேட்டு வந்தபோது, அவர்கள் வாய் திறக்கும் முன்பே பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருந்தது.

இரண்டாம் ஆண்டு, 1995-இல், தந்தையார் என்னை ஒரு லாரிப் பயணத்துக்கு அழைத்துப் போனார். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்; நான் கற்றவற்றில் பெரும்பகுதி அந்த ஆறு நாட்களில் கற்றதுதான்.

எங்களிடம் வண்டி வாங்கிய ஒருவரின் லாரி அது. சங்ககிரியில் 200 மூட்டை சிமென்ட், அதாவது 10 டன், ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் புறப்பட்டோம். ஓட்டுநர், கிளீனர், தந்தையார், நான் என நால்வர். புறப்படும்போது தந்தையார் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "கண்ணு, வழியில ஆகிற ஒவ்வொரு பைசாவையும் இதுல எழுது. நேரத்தையும் எழுது. வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புது, எத்தனை மணிக்கு நிக்குது, ஏன் நிக்குது, எல்லாத்தையும் எழுது" என்றார். லாரித் தொழிலில் இதற்கு டிரிப் கணக்கு என்று பெயர். பணக் கணக்கை எல்லா ஓட்டுநர்களும் எழுதுவார்கள். நேரக் கணக்கை எழுதச் சொன்னதுதான் அவருடைய தனிப் பழக்கம்.

திங்கட்கிழமை மாலை புறப்பட்ட நாங்கள் நள்ளிரவு வாக்கில் கேரள எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச் சாவடியை அடைந்தோம். அன்றைய வாளையாற்றைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை லாரிகளின் வரிசை, அணைந்த விளக்குகள், சாலையோரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்த கிளீனர்கள். எங்கள் முறை மறுநாள் நண்பகலில்தான் வந்தது. அதன்பின் பாலக்காட்டைக் கடந்து குதிரான் மேட்டில் ஏறினோம். இன்று அங்கே சுரங்கப்பாதை வந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு ஜூலை கடைசியில் அதன் முதல் குழாயைத் திறந்தார்கள். அன்றைக்கு அது குறுகலான, உடைந்த, வளைந்த ஏற்றம். முன்னால் ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் நின்றாக வேண்டும், நாங்களும் நின்றோம். புதன்கிழமை விடியலில் கொச்சியை அடைந்து, அன்று மாலை சிமென்டை இறக்கினோம்.

அதன்பிறகு நடந்ததுதான் என் பாடம். வியாழக்கிழமை முழுவதும் லோடு கிடைக்கவில்லை. லாரி ஆபீஸ், புக்கிங் ஆபீஸ் என்று ஓட்டுநர் நடையாய் நடந்தார். காலியாகத் திரும்பிவிடலாமே என்று நான் கேட்டேன். காலியாகத் திரும்பினால் வழிநெடுக டீசல் எரியும், டயர் தேயும், வாடகை மட்டும் வராது என்றார் தந்தையார். காத்திருந்தால் மட்டும் செலவில்லையா என்று கேட்டதற்கு, அதையும் நோட்டில் எழுதச் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு ஏலூர்ப் பக்கம் ஈரோட்டுக்கான உரமூட்டை லோடு, குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. அதை ஏற்றிக்கொண்டு, ஈரோட்டில் இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு அம்மா பக்கத்தில் இருக்க, நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். போகவர 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் 6 நாட்கள், அதாவது 144 மணி நேரம். அதில் சக்கரம் சுழன்ற நேரம் ஏறத்தாழ 24 மணி. மீதி 120 மணி நேரம் வண்டி ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. சோதனைச் சாவடியில் நின்றது, ஏற்றத்தில் நின்றது, இறக்குவதற்கு நின்றது, லோடுக்காக நின்றது. அத்தனை நேரத்திலும் மாதத் தவணையின் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. காப்பீடும் வரியும் நாள் கணக்கில் கரைந்துகொண்டிருந்தன. ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் படி கொடுத்தாக வேண்டியிருந்தது. டீசல், படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், வழிச்செலவு எல்லாம் போக உரிமையாளர் கையில் மிஞ்சியது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அதிலிருந்துதான் தவணையும் டயரும் கட்டி, அவருடைய குடும்பமும் சாப்பிட வேண்டும். தந்தையார் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "வண்டி விக்கிறவன் சக்கரம் ஓடுற அந்த ஒரு நாளைப் பத்தியே பேசறான். வாங்கினவன் மீதி அஞ்சு நாள்லதான் தவிக்கிறான், கண்ணு."

மறுபடியும் சொல்கிறேன்: ஆறு நாட்களில் ஒரே ஒரு நாள்தான் சக்கரம் ஓடியது. அதன்பிறகு எந்த விளம்பரத் துண்டறிக்கையையும் என்னால் பழைய கண்ணோடு படிக்க முடியவில்லை. குதிரைத்திறன் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று அதில் அச்சிடப்பட்டிருந்தவை யாவும் அந்த ஒரு நாளைப் பற்றியவை.

இப்படிச் சொல்வதால், ஓடுகிற நாளின் கணக்கு முக்கியமில்லை என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. இன்றைய கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு லாரி மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2,000 லிட்டர் டீசல் தேவை. அதே வண்டி லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 1,905 லிட்டர் போதும். 95 லிட்டர் மிச்சம்; லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால், மாதம் 8,700 ரூபாய்க்கு மேல். லிட்டருக்கு வெறும் 200 மீட்டர் வேறுபாடு, ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகிவிடுகிறது. ஆனால் அந்த 8,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடுவதற்கு லோடு வேண்டும். போகவும் வேண்டும், வரவும் வேண்டும். ஆகவே மீண்டும் தந்தையாரின் கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

அவருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன். 1960-களில், இளைஞராக இருந்தபோது, எண்ணூரிலிருந்து நாமக்கல்லுக்குச் சேஸிஸ் ஓட்டிவந்தவர் அவர். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் கார் பூட்டத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் தொழிற்சாலை எண்ணூரில் இருப்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது முழு லாரி அல்ல. எஞ்சின், சட்டம், சக்கரங்கள், முன்பக்கத்து முகப்பு, அவ்வளவே. கேபின் இருக்காது, கதவு இருக்காது, மேற்கூரை இருக்காது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நாமக்கல் பட்டறை வரை ஓட்டிவர வேண்டும். சாலையில் அப்படிப்பட்ட எலும்புக்கூடு வண்டிகள் வரிசையாகப் போனதைப் பார்த்த நேயர்கள் இருப்பீர்கள்.

அந்தச் சேஸிஸ் பட்டறைக்கு வந்ததும் பாடி கட்டும் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, என்ன லோடு என்பதுதான். பஞ்சு ஏற்றுபவருக்கு ஒரு பாடி, இரும்பு ஏற்றுபவருக்கு ஒரு பாடி, முட்டை ஏற்றுபவருக்கு இன்னொன்று, எரிவாயு டேங்கருக்கு முற்றிலும் வேறொன்று. திருச்செங்கோட்டில் அதே போன்ற சேஸிஸின் மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் ஏறும். ஆகவே லோடைப் பற்றிய கேள்வியை யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டுவிடுவார். விற்பவர் கேட்காவிட்டாலும் மேஸ்திரி கேட்டுவிடுவார். இன்று பல லாரிகள் தொழிற்சாலையிலிருந்தே கேபினும் பாடியும் பூட்டி முழுமையாகவே வருகின்றன. ஓட்டுநரின் பாதுகாப்புக்கு அது நல்லது. நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அப்படி வரும் வண்டிகளுக்கு மேஸ்திரி கேட்ட கேள்வி நடுவில் காணாமல் போய்விட்டது. அதை இனி விற்பவர்தான் கேட்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதைத்தான். கேட்டுச் சலித்தவர்களும் உண்டு.

கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்தப் பிழை ஒன்றே போதும். 1998-ஆம் ஆண்டு, விற்பனை மேசையில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்த புதிது. கல்குவாரியிலிருந்து கல் ஏற்றப்போகிற ஒருவர் வந்தார். நெடுஞ்சாலையில் நல்ல வேகமும் மைலேஜும் கொடுக்கும் வண்டி ஒன்றை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவரும் மகிழ்ச்சியோடு வாங்கிப் போனார். இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை கிளட்ச் பிளேட்டு எரிந்துபோய்த் திரும்பி வந்தார்.

காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்சக்கரம் சிறியதாக இருந்தால், சமதரையில் ஒரு மிதிக்கு நெடுந்தூரம் போகலாம். ஆனால் மேட்டில் மிதிக்க முடியாது. பல்சக்கரம் பெரியதாக இருந்தால் மேட்டில் எளிதாக ஏறலாம். சமதரையில் மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிடும். லாரியின் பின் அச்சுக்குள் இருக்கும் கிரௌன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறது. நான் விற்றது சமதரைக்கான வண்டி. அவருடைய வேலையோ, குழிக்குள்ளிருந்து முழுப் பாரத்தோடு செங்குத்தாக மேலேறுவது. ஒவ்வொரு நடைக்கும் ஓட்டுநர் கிளட்சைப் பாதி அழுத்திப் பிடித்தபடியே ஏறியிருக்கிறார். பிளேட்டு எரியாமல் என்ன செய்யும்?

தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "குழிக்குள்ள இறங்கிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. குவாரி ஊருக்கு 40 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. அன்று பிற்பகலே என்னை அழைத்துக்கொண்டு போய், அந்தக் குழியில் இறங்கி ஏறச் செய்தார். அந்த வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அவருக்கு மேடேறக்கூடிய டிப்பர் ஒன்றைக் கொடுத்தார். திருப்பி எடுத்த வண்டியை, கர்நாடகத்திலிருந்து கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிவரும் ஒருவருக்கு நட்டத்தில் விற்றார். அந்த வேலையில் அதே வண்டி பல ஆண்டுகள் குறையின்றி ஓடியது. அம்மா அந்த நட்டத்தைப் பேரேட்டில் என் பெயருக்குத் தனிப் பக்கம் போட்டு எழுதினார். 18 மாதங்கள் என் சம்பளத்தில் பிடித்தம் ஆனது. அந்தக் குவாரிக்காரரின் மகனுக்குப் பிற்காலத்தில் நானே இரண்டு வண்டிகள் விற்றேன். இரண்டு முறையும் குழியைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் விலை பேசினேன்.

அடுத்ததாக, அரசின் விதிமுறைகள் மாறும்போது விற்பவரின் பொறுப்பு என்ன என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி, பி.எஸ்.-3 என்ற பழைய புகைத் தரத்து வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடெங்கும் கிடங்குகளில் இருந்த வண்டிகளை அந்த மாதக் கடைசிக்குள் தள்ளுபடி விலையில் விற்க எல்லோரும் முயன்றோம், நாங்களும் விற்றோம். விலை குறைகிறது என்பதற்காக மட்டும், லோடே இல்லாமல் அன்று வண்டி வாங்கியவர்கள் உண்டு. அந்த நெருக்கடியிலும், தளர்ந்திருந்த என் தந்தையார் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். பதில் இல்லாத மூவரைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் வேறு ஊரில் வாங்கினார்கள். அவர்களில் ஒருவருடைய வண்டி, தவணை கட்ட முடியாமல் ஓராண்டுக்குள் கடன் கொடுத்தவரின் முற்றத்துக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது, தந்தையார் அன்று முழுவதும் யாரிடமும் அதிகம் பேசவில்லை.

அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. வாளையாற்றில் நாங்கள் நின்ற அந்த வரிச் சோதனை வரிசையும் கலைந்தது. அடுத்த ஆண்டு, 2018 ஜூலையில், அச்சுக்குரிய எடை வரம்பை மத்திய அரசு உயர்த்தியது. பத்து வீல் வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது, பெரிய டிரெய்லர்களுக்கு 49 டன்னிலிருந்து 55 டன்னானது. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். வண்டிகள் வழியில் நிற்கும் நேரம் குறைந்தது. ஒவ்வொரு நடையிலும் ஏற்றக்கூடிய சரக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. ஆறு வண்டி செய்த வேலையை ஐந்து வண்டியால் செய்ய முடிந்தது. நாட்டுக்கு அது நன்மை. ஆனால் ஆறாவது வண்டியை வாங்க நினைத்தவரிடம், சற்றுப் பொறுங்கள் என்று சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை. அடுத்த ஆண்டு நாடு முழுவதும் லாரி விற்பனை சரிந்தபோது நாங்களும் சிரமப்பட்டோம். அந்த ஆண்டு எங்கள் கடையில் தவணை தவறியவர்கள் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். ஓட்டுநர்களைப் பற்றி நான்கு பக்கங்கள் எழுதிக்கொண்டு வந்திருந்தேன்; அவற்றைச் சில வாக்கியங்களில் முடிக்க வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக சரக்கு வண்டிகளின் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகியிருக்கிறது. அதனால் கூடும் விலையைக் குறையாகச் சொல்லும் உரிமையாளர்களிடம், பங்குனி வெயிலில் ஒரு நாள் அந்த இருக்கையில் உட்கார்ந்து வரும்படி நான் கேட்டுக்கொள்கிறேன். நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்கள் குளிக்கவும் கழிப்பறை போகவும் தூங்கவும் போதிய இடம் இல்லை என்பதை அந்த ஆறு நாள் பயணத்தில் ஒரு பெண்ணாக நான் நன்றாகவே உணர்ந்தேன். அதைப் பற்றி இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் முழுமையாகப் பேசுகிறேன்.

என் தம்பி மகன் பொறியியல் முடித்துவிட்டு, உதிரிபாகக் கவுண்டரில் ஓராண்டை நிறைவு செய்திருக்கிறான். எங்களிடம் வாங்கிய எரிவாயு டேங்கர் ஒன்று நாளை அதிகாலை நான்கு மணிக்கு நாமக்கல்லிலிருந்து மங்களூருக்குப் புறப்படுகிறது. அதன் உரிமையாளரின் சம்மதத்தோடு அவனும் அதில் போகிறான். போகும்போது அந்த டேங்கர் காலி. அதற்கு லோடு இருப்பது மங்களூரில்தான், திரும்பி வரும்போதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இரண்டு பேனாக்களும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய் அவனுக்கு வழிச்சாப்பாடு கட்ட வேண்டும். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.